பாக்குவெட்டி முதல் கமலை வரை: பிள்ளைகளுக்கு எளிய இயந்திரங்களைப் புரியவைப்பது எப்படி?

பாக்குவெட்டியும் ஓர் இயந்திரம் என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இயந்திரம் என்றால் மின்சாரம் வேண்டும், சத்தம் வேண்டும், உள்ளே ஏதாவது சுழல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாமும் அன்றாடம் அந்தச் சொல்லை அப்படித்தான் புழங்குகிறோம்.

அறிவியல் இதைவிட எளிமையாகப் பார்க்கிறது. நாம் கொடுக்கும் விசையின் அளவையோ, திசையையோ, அது செல்லும் தூரத்தையோ நமக்குத் தோதாக மாற்றித் தருகிற எதுவும் இயந்திரம்தான். இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் நுழைந்தால், முகப்புக் கதவிலிருந்து பின்கட்டுக் கிணறு வரை இயந்திரங்களாகவே தெரியும்.

பாடப்புத்தகம் ஆறு பெயர்களைத் தருகிறது: நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், சாய்தளம், ஆப்பு, திருகு. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் இந்தப் பட்டியலோடு தொடங்கி இந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆறு பெயரையும் ஒப்பிப்பார்கள், ஆறு படத்தையும் வரைவார்கள். ‘இதனால் வேலை ஏன் சுலபமாகிறது’ என்று கேட்டால் விழிப்பார்கள். என்னைக் கேட்டால் பெயர்கள் கடைசியில் வரட்டும் என்பேன். முதலில் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: கை எவ்வளவு தூரம் போனது, பொருள் எவ்வளவு தூரம் போனது?

எந்த இயந்திரத்தின் முன்னால் நின்றாலும் இதைக் கேட்கலாம். கை அதிக தூரம் போய், பொருள் குறைந்த தூரம் நகர்ந்தால் அங்கே விசை பெருகியிருக்கிறது. கை கொஞ்சம் அசைந்து பொருள் வெகுதூரம் போனால், விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்கியிருக்கிறோம். இரண்டும் சமமாக இருந்தால் திசை மட்டுமே மாறியிருக்கிறது. வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கிய தொகை. அந்தத் தொகையை எந்த இயந்திரமும் கூட்டித் தருவதில்லை. நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ரூபாய்த் தாள்களாக வாங்குவது போலத்தான். கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது, மதிப்பு கூடுவதில்லை. போதாக்குறைக்கு உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

கதவிலிருந்து தொடங்குவோம்

செட்டிநாட்டு வீட்டுக் கதவைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்குத் தெரியாது. கனமான தேக்குக் கதவு. கீலுக்குப் பதில் குடுமி என்ற முளையில் நின்று சுழல்வது. பள்ளியில் சாதாரண வகுப்பறைக் கதவு இருந்தாலும் போதும். வகுப்பிலேயே பலசாலி என்று பெயரெடுத்த பையனைக் கதவின் ஒரு பக்கம் நிறுத்துங்கள். கதவு சுழலும் ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, அந்த இடத்தில் மட்டும் கைவைத்துத் தள்ளச் சொல்லுங்கள். மறுபக்கம் வகுப்பிலேயே சின்னப் பெண்ணை, கதவின் வெளி ஓரத்தில் நிறுத்துங்கள். இருவரும் தள்ளட்டும். அவள் சிரமப்படாமல் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். கீல் இடுக்கில் எவரும் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

அவளுடைய வெற்றிக்குக் காரணம் சொல்லுமுன் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கதவு நகர்ந்தபோது அவள் கை எவ்வளவு தூரம் போனது, அவன் கை எவ்வளவு தூரம் போனது? தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளக்கலாம். அவன் 6 செ.மீ. தள்ளியும் அவள் 60 செ.மீ. தள்ளியும் நின்றிருந்தால், அவன் கை ஒரு பங்கு நகரும்போது அவள் கை பத்துப் பங்கு நகர்ந்திருக்கும். அவளுடைய விசை பத்து மடங்காகி அவனைத் தள்ளியது அதனால்தான். கதவின் கைப்பிடி எப்போதும் கீலுக்கு எதிர் ஓரத்திலேயே ஏன் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இதுதான் நெம்புகோல். அசையாமல் நிற்கும் ஓர் இடம், பளு இருக்கும் ஓர் இடம், கை இருக்கும் ஓர் இடம். இந்த மூன்றுக்கும் இடையிலான தூரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மூன்றில் எது நடுவில் வருகிறது என்பதை வைத்து முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று பிரிப்பதுண்டு. தொடக்கப் பள்ளியில் அந்த வகைப்பெயர்களுக்கு அவசரமே இல்லை. மேல்வகுப்பில் வரும்போது வரட்டும்.

மேசை மேல் செய்ய ஒரு சோதனை. 30 செ.மீ. அளவுகோலின் சரிநடுவில், 15 என்ற இடத்தில், அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் உருளாமல் இருக்க இருபுறமும் சிறிது களிமண் போதும். நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு பக்கம் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்குங்கள். மறுபக்கம் 10 செ.மீ. தள்ளி அதேபோன்ற ஒரே நாணயம். அளவுகோல் சமநிலைக்கு வரும். சிலர் பென்சிலையே ஓரமாக நகர்த்திவைத்து இதைச் செய்துகாட்டப் பார்ப்பார்கள். அப்போது அளவுகோலின் சொந்த எடையும் கணக்கில் புகுந்துவிடும், விடை இடிக்கும். பென்சில் நடுவிலேயே இருக்கட்டும், நாணயங்கள் நகரட்டும்.

இனி பாக்குவெட்டியை எடுக்கலாம். கொட்டைப்பாக்கு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கையால் உடைக்கச் சொல்லுங்கள், முடியாது. பிறகு நீங்கள் பாக்குவெட்டியில் வைத்து வெட்டிக் காட்டுங்கள். கூர்மையான பொருள், பிள்ளைகள் கையில் வேண்டாம். பாக்கை மூட்டுக்கு ஒட்டி, 2 செ.மீ. தூரத்தில் வைத்தால் நறுக்கென்று துண்டாகும். அதே பாக்கை அலகின் முனைக்கு, 5 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். கை பிடிக்கும் இடம் மூட்டிலிருந்து 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை விசை 7 மடங்காகிறது, இரண்டாம் முறை 3 மடங்குகூட இல்லை. தாம்பூலத் தட்டின் முன் உட்காரும் ஆச்சிகள் பாக்கை எங்கே வைத்து வெட்டுகிறார்கள் என்று கவனித்துவரச் சொல்லுங்கள். இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடைக்காது.

எல்லா நெம்புகோலும் விசையைப் பெருக்குவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முற்றம் கூட்டும் நீளத் துடைப்பத்தில் மேல்கை ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. கீழ்க்கை சிறிதளவே அசைகிறது. துடைப்பத்தின் நுனி பெரிய வட்டமாக வீசுகிறது. இங்கே விசை குறைந்து தூரம் கூடுகிறது. குப்பைக்குப் பெரிய விசை வேண்டாம், பரப்புத்தான் வேண்டும்.

கிணற்றுச் சகடை சொல்லும் உண்மை

கப்பி என்றதும் ‘பாரத்தைக் குறைக்கிறது’ என்று எழுதிப்போடும் பழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. கிணற்றடிச் சகடைக்கு அது பொருந்தாது. 10 கிலோ எடையுள்ள வாளியை இழுக்க, சகடை இருந்தாலும் அந்த 10 கிலோவுக்கான விசை வேண்டும். உராய்வுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். நம் கேள்வியைக் கேட்டால் உடனே விளங்கும். கயிறு 1 மீட்டர் கீழே வந்தால் வாளி 1 மீட்டர் மேலே வருகிறது. இரண்டும் சமம், விசை பெருக வழியில்லை.

பிறகு ஏன் சகடை? திசைக்காக. கிணற்றுக்குள் குனிந்து மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதில் நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கிறோம். உடம்பின் எடையே கயிற்றில் இறங்கி உதவுகிறது, முதுகும் பிழைக்கிறது. இது சின்ன உதவி அல்ல. ஆனால் இது வேறு வகை உதவி என்பதைப் பிள்ளைகள் பிரித்து அறிய வேண்டும்.

விசை குறைய வேண்டுமானால் கப்பி பளுவோடு சேர்ந்து நகர வேண்டும். அப்போது கப்பியின் இருபுறமும் உள்ள கயிறு பளுவைப் பகிர்ந்து தாங்கும். விசை பாதியாகும், 1 மீட்டர் தூக்க 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டியிருக்கும். இதைக் கப்பியே இல்லாமல் விளையாட்டாகக் காட்டலாம். வழவழப்பான இரண்டு மூங்கில் கம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே இருவர் ஆளுக்கொரு கம்பைக் குறுக்காகப் பிடித்து, இரண்டடி இடைவெளியில் நிற்கட்டும். நைலான் கயிற்றின் ஒரு நுனியை ஒரு கம்பில் முடிந்து, மறு கம்பைச் சுற்றி, மீண்டும் முதல் கம்பைச் சுற்றி, இப்படி மூன்று நான்கு முறை குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய நுனியை ஒரு சிறு பிள்ளையிடம் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். கம்பு பிடித்த இருவரும் எவ்வளவு முறுக்கிக்கொண்டு நின்றாலும் கம்புகள் நெருங்கிவரும். வகுப்பே கூச்சல் போடும், போடட்டும். அடங்கியதும் கேளுங்கள்: கம்புகள் ஒரு சாண் நெருங்க எத்தனை சாண் கயிறு இழுக்க வேண்டியிருந்தது?

சக்கரமும் அச்சும் என்ற தலைப்பில் இரண்டு வெவ்வேறு உதவிகள் கலந்துகிடக்கின்றன. மாட்டுவண்டிச் சக்கரம் தரையில் தேய்வதைத் தவிர்த்து உருள்கிறது. தேய்மானம் அச்சு என்ற சின்ன இடத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. அங்கே மசகு போட்டால் போதும். இது உராய்வைக் குறைக்கும் உதவி. திருப்புளியின் பருத்த கைப்பிடியும் மரச்செக்கின் நீண்ட தடியும் செய்வது வேறு. செக்கில் மாடு பெரிய வட்டமாக நடக்கிறது, உலக்கை சிறிய வட்டத்தில் எள்ளை நசுக்குகிறது. இதில் கை போன தூரத்துக்குப் பதில் மாடு போன தூரத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவே.

திண்ணை ஏறும் ஸ்கூட்டர்

இந்தப் பக்கத்து வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டவை. இரவில் ஸ்கூட்டரை உள்ளே ஏற்றப் பலகை சாய்த்து வைப்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். படி உயரம் 60 செ.மீ., பலகை நீளம் 3 மீட்டர் என்றால், 60 செ.மீ. ஏற்ற வேண்டியதை 3 மீட்டர் தள்ளி ஏற்றுகிறோம். ஐந்து மடங்கு தூரம், ஐந்தில் ஒரு பங்கு விசை. 100 கிலோ வண்டியைத் தூக்குவதற்குப் பதில் ஏறத்தாழ 20 கிலோவுக்கான விசையால் தள்ளினால் போதும். வகுப்பில் பொம்மைக் காரில் கல்லைக் கட்டி, ரப்பர் பேண்டால் நேராகத் தூக்கியும் பலகையில் இழுத்தும் பார்க்கலாம். ரப்பர் நீளும் அளவை அளவுகோலால் குறித்துக்கொண்டால் விசை கண்ணுக்கே தெரியும்.

ஆப்பு என்பது நகரும் சாய்தளம். சாய்தளத்தில் பொருள் ஏறுகிறது. ஆப்பில் சாய்தளமே பொருளுக்குள் புகுந்து அதைப் பிளக்கிறது. அரிவாள்மனையின் அலகு, கோடரி, நிலைக்கதவில் யாளியும் கொடியும் செதுக்கிய தச்சர் கையிலிருந்த உளி எல்லாம் இதில் சேரும். அலகு மெல்லியதாக இருக்க இருக்க விசை கூடுகிறது என்பதை முனை மழுங்கிய கத்தியே சொல்லிவிடும்.

திருகுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடிபடாதது இதுதான். ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, சாய்ந்த விளிம்பில் சிவப்புக் கோடு போடுங்கள். அதைப் பென்சிலின் மேல் சுற்றினால் சிவப்புக் கோடு மரையாக வளைந்து ஏறும். திருகு என்பது சுருட்டிவைத்த சாய்தளம் என்று அதன்பிறகு விளக்க வேண்டியதே இல்லை.

தேன்குழல் பிழியும் பித்தளை உழக்கில் கைப்பிடியைச் சுற்றி அழுத்தும் வகை ஒன்று உண்டு. கைப்பிடி மையத்திலிருந்து 5 செ.மீ. நீளம் என்றால், ஒரு சுற்றில் கை ஏறத்தாழ 31 செ.மீ. பயணம் செய்கிறது. மரைக்கு மரை இடைவெளி 4 மி.மீ. என்றால் உள்ளே இருக்கும் தட்டு அந்த 4 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. கணக்குப்படி 78 மடங்கு! நடைமுறையில் இவ்வளவு கிடைப்பதில்லை, திருகில் உராய்வு பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்த உராய்வும் வீண் அல்ல. கையை எடுத்தாலும் கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் நிற்கிறதே, அதற்கு அதுதான் காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆர்வமிகுதியில் சமையற்கட்டில் உள்ள எல்லாவற்றையும் பட்டியலில் திணிக்க வேண்டாம். உரலும் உலக்கையும் அருமையான கருவிகள்தான். ஆனால் உலக்கையைத் தூக்கிய கையின் தூரமும் உலக்கை ஏறிய தூரமும் ஒன்றே, திசையும் மாறவில்லை. ‘இது ஆறில் எது?’ என்று பிள்ளை கேட்டால், ‘இதில் சேராது’ என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த ஆறு என்ற எண்ணும் ஒரே நாளில் வந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் ஐந்தைத்தான் பட்டியலிட்டார். அதில் சாய்தளம் இல்லை. சாய்தளத்தின் கணக்கை பிளெமிய கணித அறிஞர் சைமன் ஸ்டீவின் 1586-இல் தெளிவாக விளக்கினார். இயந்திரத்தைக் கொண்டு இயற்கையை ஏமாற்றிக் கூடுதல் வேலை வாங்க முடியாது என்று 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிலியோ எழுதினார். நுணுகிப் பார்த்தால் ஆறும் இரண்டு குடும்பங்களில் அடங்கிவிடும். கப்பியும் சக்கரமும் சுழலும் நெம்புகோல்கள். ஆப்பும் திருகும் உருமாறிய சாய்தளங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் குடும்ப உறவு நன்றாகவே புரியும்.

ஒன்றோடொன்று சேரும்போது

எளிய இயந்திரங்கள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து, ஒன்று தரும் விசையை அடுத்தது வாங்கிக்கொண்டு வேலை செய்தால் அது கூட்டு இயந்திரம். பாக்குவெட்டியே அதற்குச் சிறந்த தொடக்கம். அதன் பிடிகள் நெம்புகோல், அலகு ஆப்பு. பிடியில் 7 மடங்கான விசையை அலகு வாங்கி இன்னும் பெருக்குகிறது. இப்படித் தொடராக நிற்கும்போது மடங்குகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் சேர்ந்தால் ஆறு மடங்கு.

மேசையில் பொருத்தும் தேங்காய்த் துருவியைக் கழற்றிக் காட்டுங்கள். சுற்றும் கைப்பிடி சக்கரமும் அச்சும், பற்கள் ஆப்பு, மேசையோடு இறுக்கும் பாகம் திருகு. மூன்றையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதில் திருகு மட்டும் துருவும் வேலையில் சேராமல் துருவியை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

சைக்கிள் எல்லாப் புத்தகத்திலும் வரும் எடுத்துக்காட்டு. ஆனால் அது விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் இயந்திரம் என்பதைப் பலர் சொல்வதில்லை. சாதாரண சைக்கிளில் மிதி ஒரு சுற்று சுற்றும்போது கால் ஏறத்தாழ 1 மீட்டர் பயணம் செய்கிறது. வண்டியோ 5 மீட்டர் அளவுக்கு ஓடிவிடுகிறது. சாக்பீஸால் குறித்து அளந்தால் தெரியும். ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளுகிறோமே, அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

என் மனத்துக்கு நெருக்கமானது கமலை. பம்ப்செட் வருமுன் இந்த வறண்ட பூமியில் கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றியது அதுதான். கிணற்றின் மேல் சகடை. அதில் ஓடும் வடம். வடத்தின் நுனியில் தண்ணீர் அள்ளும் சால். கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் மண்தடம். மாடுகள் அந்தச் சரிவில் இறங்க, சால் மேலே ஏறும். சகடை விசையைப் பெருக்கவில்லை. செங்குத்தான இழுப்பைச் சரிவின் திசைக்குத் திருப்பியது. சரிவோ மாடுகளின் எடையில் ஒரு பகுதியையே இழுப்பில் சேர்த்தது. சாலோடு இணைந்த, தும்பி என்ற தோல் குழாயை இழுத்துப் பிடிக்க மெல்லிய கயிறு ஒன்று தனி உருளையில் ஓடும். சால் மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணீர் தானே கொட்டும். ஆள் கிணற்று மேட்டில் நிற்க வேண்டியதில்லை. வயதில் மூத்தவர் யாரையாவது வகுப்புக்கு அழைத்து, அவர் ஓட்டிய கமலையைத் தரையில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். குச்சி, நூல்கண்டு, சின்ன டப்பா இருந்தால் பிள்ளைகள் மாதிரியே செய்துவிடுவார்கள்.

பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தித் தேரோட்டம் பார்த்த பிள்ளைகளுக்குத் தேரையே பாடமாக்கலாம். வடம் விசையைப் பெருக்குவதில்லை; பல நூறு கைகளை ஒரே திசையில் சேர்க்கிறது. நின்ற தேரை நகர்த்துவதுதான் கடினம் என்பதால், பின்சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புகிறார்கள். மரத்தின் மேல்நுனி ஆளுயரம் இறங்க, சக்கரம் விரற்கடை அளவு நகர்கிறது. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தின் முன் இடும் முட்டுக்கட்டை ஓர் ஆப்பு.

வகுப்பை வெளியே அழைத்துப்போக முடிந்தால் கண்டாங்கிச் சேலை நெய்யும் கைத்தறிக் கூடத்துக்குப் போங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. தறியில் மிதிகள் நெம்புகோல்கள். பாவு நூல்களை ஏற்றி இறக்கும் விழுதுகளில் ஒன்று இறங்க மற்றது ஏறும்படி மேலே உருளையில் கயிறு ஓடுகிறது. நெய்த துணி உருளையில் சுற்றிக்கொள்கிறது. உள்ளே போகுமுன் பிள்ளைகளிடம் பெயர்ப் பட்டியல் எதுவும் கொடுக்க வேண்டாம். ஆளுக்கொரு தாளும் அளவுகோலும் கொடுத்து, நெசவாளர் அனுமதியோடு ஒரே ஒரு அளவை எடுத்துவரச் சொல்லுங்கள்: மிதி எவ்வளவு இறங்கியது, விழுது எவ்வளவு அசைந்தது?